ஆர்கனைசர் பிடிக்கத் தெரியாத அத்தை

அத்தையின் கம்பெனியில் அவளுக்கு ஓர் எலெக்ட்ரானிக் ஆர்கனைசர் கொடுத்தபோது நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையில், பனியனோடு உட்கார்ந்திருந்த அப்பா உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்துதான் அதைப் பார்த்தார். வெளியாள் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் போனபிறகு அப்பா அவளைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அழைத்துவந்து, இங்கேயே டிப்ளமோ படிக்கவைத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில், கடைகளுக்கு எலெக்ட்ரானிக் தராசு விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்தக் கடையில் எந்தத் தராசு மக்கர் செய்கிறது என்று போன் வரும். அதைக் குறித்துக்கொண்டு, போய்ப் பார்க்கவேண்டிய ஆளுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆர்கனைசர்.

"எழுதி வைக்கதுக்கு ஒங்க கம்பெனியில நோட்டு இல்லையாக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"நோட்டுல தேடணும்ணே. இது தேடித் தரும்" என்றாள் அத்தை.

அப்பா அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் மேலும் கீழும் அசைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டி இன்றைக்கும் என் உள்ளங்கைக்கு ஞாபகம் இருக்கிறது. சாம்பல் நிறம். பாதி தேய்ந்த சோப்பைப்போல ஓரங்கள் மழுங்கி, கையில் வைத்தால் தானாக உட்கார்ந்துகொள்ளும். முதுகில் மட்டும் பேட்டரி இருக்கும் இடத்தில் லேசாகத் தொப்பை. மேலே ஒரு மூடி, புரட்டிப் பின்பக்கம் மடித்துவிடலாம். திரையில் வண்ணம் கிடையாது. ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி பச்சையும் சாம்பலுமாக இருக்கும், அதில் கறுப்பு எழுத்து. வெயிலில் நன்றாகத் தெரியும், வீட்டுக்குள் விளக்கடியில் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கவேண்டும். திரைக்குக் கீழே வரிசையாக நாலு வட்டப் பொத்தான்கள். பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் செருகிய ஒரு குச்சி. குச்சியை இழுத்தால் 'டிக்' என்று வரும், தள்ளினால் 'டக்' என்று போகும். அந்த இரண்டு சத்தத்துக்காகவே நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதில் எழுதுவது லேசான காரியம் இல்லை. திரைக்கு அடியில் தபால் தலை அளவுக்கு ஓர் இடம் உண்டு, அதற்குள்தான் எழுதவேண்டும், அதுவும் ஒவ்வொரு எழுத்தாக, குச்சியை எடுக்காமல். அந்தப் பெட்டிக்கென்று ஓர் எழுத்து முறை இருந்தது. இங்கிலீஷ் 'ஏ'க்கு நடுக்கோடு போடக்கூடாது, கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். 'டி'க்கு மேல்கோட்டில் பாதியே உண்டு. நாம் எழுதுகிற மாதிரி எழுதினால் அதற்குப் புரியாது, வேறு ஏதாவது போட்டுவிடும். அத்தை முதல் வாரத்தில் 'அரிசி மண்டி' என்று இங்கிலீஷில் எழுதப் போனால் அது வாயில் நுழையாத ஒரு பெயரைக் காட்டும். அப்புறம் படிப்படியாகப் பழகிவிட்டாள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே எழுதுகிற அளவுக்கு வந்தாள். நானும் பழகினேன். அதன் பலனாகப் பள்ளிக்கூடத்தில் 'ஏ' எல்லாவற்றையும் நடுக்கோடு இல்லாமல் எழுதிவைக்க, இங்கிலீஷ் மிஸ் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அதற்குச் சில சட்டங்கள் ஏற்பட்டன. முறுக்கு தின்ற கையோடு தொடக்கூடாது. சேலைத் தலைப்பால் துடைக்கக்கூடாது, ஜரிகை கீறிவிடும். எழுதும் இடம் தேயாமலிருக்க அத்தை அதன்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் உரித்துப் புதிதாக ஒட்டுவாள். குமிழி விழாமல் ஒட்டுவதற்கு என் பள்ளி ஸ்கேலை வாங்கிக்கொள்வாள். அம்மா ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணியில் உள்ளே பஞ்சு வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். ஊதா நிறத்தில் கொக்கி வைத்த பை. ஆபீசில் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்களாம்.

அதைவிட முக்கியமான சட்டம் ஒன்றை அத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பா அப்போது இரண்டாம் ஷிப்டில் இருந்தார். "பேட்டரிய மாத்தும்போது பழச கழட்டுன கையோட புதுச போட்டுரணும். லேட்டாச்சுன்னா உள்ள இருக்கது பூரா அழிஞ்சுரும்" என்றாள். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரி மாற்றிக் காட்டினாள். நானும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத, புளியங்கொட்டை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதுதான் அதன் பெரிய அதிசயம். இதே மாதிரி இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து, இரண்டின் தலையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், இதில் எழுதியது அதற்குப் போய்விடும். வயர் கிடையாது. நடுவில் எதுவும் மறைக்கக்கூடாது, கை ஆடக்கூடாது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெட்டியில் ஒரு கட்டம் தோன்றும். எடுத்துக்கொள்ளவா என்று கேட்டு, இடது பக்கம் 'யெஸ்', வலது பக்கம் 'நோ' என்று காட்டும். யெஸ்ஸைத் தொட்டால் 'டிங்'.

கம்பெனியில் இருந்தது இரண்டே பெட்டிகள். ஒன்று அத்தையிடம். இன்னொன்று, பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் பைக்கில் சுற்றிப் பழுது பார்க்கிற ஒருவரிடம். அவருக்கு வீடு நசரத்பேட்டை. சனிக்கிழமை கடைசி வேலை இந்தப் பக்கம் முடிந்தால், அம்பத்தூருக்குப் போய்த் திரும்புவதற்குப் பதிலாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்து, திங்கட்கிழமைக்கான விலாசங்களை வாங்கிக்கொண்டு போவார். பைக்கின் பின்னால் எப்போதும் ஒரு தராசு கட்டியிருக்கும். அதனால் நான் அவரைத் தராசு மாமா என்றேன்.

"மாமான்னு கூப்பிடாத. அங்கிள்னு கூப்பிடு" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். ஊரில் பால்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லாரும் எனக்கு மாமாதான். இவருக்கு மட்டும் ஏன் அங்கிள் என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு அவர்மேல் தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் பேச்சுதான் ஆகாது. ஒருமுறை அவர் வாசலில் நின்று, "சார், மேடம் ஊட்ல கீறாங்களா?" என்று கேட்டுவிட்டார். அப்பா அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கீறாங்களா, கீறாங்களாங்கான். வாயில இருக்குன்னு ஒரு வார்த்த வராதோ?" அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வருவதில்லை. குவார்ட்டர்ஸ் பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு, அங்கே வந்து பைக்கில் ஹாரன் அடிப்பார். அத்தை ஊதாப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். "பிள்ளையையும் கூட்டிட்டுப் போ" என்பார் அப்பா. நான் ஊஞ்சலுக்காகப் போவேன்.

முதல் சனிக்கிழமை இரண்டு பெட்டிகளையும் நேர்நேராகப் பிடித்ததும் 'டிங்' என்றது. அவர் "வந்துச்சு மேடம், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஊஞ்சல் சரியாகக் கிடைக்கக்கூட இல்லை.

பிறகு போகப் போக அந்த மெஷின் கெட ஆரம்பித்தது. ஒரு வாரம் இரண்டாம் தடவைதான் போயிற்று. அடுத்து வந்த வாரங்களில் அதுவும் போதவில்லை.

"இன்னா மேடம், போவலியே. இன்னொரு தபா அனுப்புங்க."

"வெயில் படுது போல. கொஞ்சம் நிழலுக்கு வாங்க."

நிழலுக்குப் போவார்கள். அங்கேயும் போகாது. பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து அனுப்பிப் பார்ப்பார்கள். இடையில் மெஷின் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, செந்நீர்குப்பத்தில் ஒரு கடைக்காரர் தராசுத் தட்டில் பூனை படுத்துத் தூங்கிய கதையை அவர் சொல்வார். "எட போட்டுக்கினே கீறாரு, பூனைக்கு மூணரை கிலோன்னு பில்லும் வந்துட்ச்சு!" அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மறுபடியும் பெட்டிகளை எடுப்பார்கள். ஊஞ்சலில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்த எனக்கு எல்லாம் தெரியும். பெட்டியில் கட்டம் வந்ததும் அவர் குச்சியால் வலது பக்கம் தொடுவார், "போவல மேடம்" என்பார். அத்தையோ சில சமயம் பெட்டியை மாற்றிப் பிடித்து, பெருவிரலை அந்தப் புளியங்கொட்டை ஜன்னல்மேலேயே வைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் இதைப் பிடிக்கவே தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஊஞ்சல் எனக்கே கிடைத்துக்கொண்டிருந்ததால் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளை, பேங்கில் வேலை. அப்பா அந்தப் போட்டோவைப் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து, "ஆளு லட்சணமா இருக்காம்லா?" என்பார். அத்தை தலைவாருவதற்கு அந்தக் கண்ணாடிக்கு வருவதை நிறுத்தி, சமையலறை ஜன்னலோரம் நின்று வாரிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு எட்டு நாள் முன்னால் வந்த சனிக்கிழமை பெஞ்சில் பூனைக் கதை எதுவும் இல்லை. இரண்டு பேரும் பெட்டிகளை எதிரெதிரே பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்பவும் இல்லை. பூங்கா விளக்குகள் எரியத் தொடங்கியபோதுதான் 'டிங்' கேட்டது. அவர் பைக்கை உதைத்துக் கிளப்பும்போது அத்தையைப் பார்க்கவே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது, "ஏன் இம்புட்டு நேரம்?" என்று அப்பா கேட்டார்.

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். "அந்தப் பெட்டி கெட்டுப்போச்சுப்பா. எத்தன தடவ அனுப்பினாலும் போக மாட்டேங்குது. முதல்ல எல்லாம் ஒரே தடவையில போச்சு. இப்ப ரொம்ப மோசம்."

அம்மா கையிலிருந்த குழம்புக் கரண்டி சட்டியின் மேலேயே நின்றுவிட்டது. அத்தை, "அப்படி ஒண்ணும் இல்லண்ணே, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஆனால் அப்பாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அவருக்குப் புரியாத பாஷை பேசிக்கொண்டிருந்தது. இப்போது அது பழுது என்கிறார்கள். பழுது என்பது அவருக்குத் தெரிந்த பாஷை.

நான் பக்கத்து வீட்டில் படம் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் சின்ன திருப்புளி, பஞ்சு, என் அழிரப்பர். பேட்டரி இரண்டும் தனியே கிடந்தன. அப்பா பேட்டரி உட்காரும் இடத்தின் தகடுகளை அழிரப்பரால் நிதானமாக, ஒரு துளி கறை விடாமல் தேய்த்து முடித்திருந்தார். புது பேட்டரி போட்டு மூடியை அழுத்திவிட்டு, "ஏளா, இங்க வந்து பாரு! புத்தம் புதுசு மாதிரி ஆயிட்டு!" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

புத்தம் புதுசாகத்தான் ஆகியிருந்தது. திரை வெறுமையாக, நடுவில் ஒரே ஒரு கூட்டல் குறியோடு, தொடு என்று காத்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கியபோது அது அப்படித்தான் இருந்திருக்கும்.

அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள். "எல்லாம் போச்சேண்ணே" என்றாள். அந்தக் கம்பெனியின் கடைகள் பூராவும், அவள் நடுக்கோடு இல்லாத எழுத்துகளில் மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்தது பூராவும் அதற்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் முதலாளி கேட்பார்.

அப்பா அழிரப்பரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கை தப்புச் செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கடைசியில், "இப்ப என்ன செய்யணும் சொல்லு, செய்யுதேன்" என்றார்.

"அவர்ட்ட இருக்க பெட்டியில எல்லாம் இருக்கும். அதுல இருந்து திருப்பி வாங்கிக்கிடலாம்."

"அப்ப அவனக் கூப்பிடு. காலையில வீட்டுக்கே வரச்சொல்லு."

அவரைக் கூப்பிடச் சொன்னது அப்பாதான். பிற்பாடு சொந்தக்காரர்கள் பலர் பலவிதமாகப் பேசினார்கள், ஆனால் கூப்பிடச் சொன்னது அப்பாதான்.

காலையில் நானும் அத்தையும் கேட்டுக்கு வெளியே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனோம். நசரத்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போன் உண்டு. ஆர்கனைசர் காலி. கையில் வேறு சீட்டும் இல்லை. அத்தை எதையும் பார்க்காமல் அந்த நம்பரை மடமடவென்று அழுத்தினாள். அத்தைக்குத்தான் எவ்வளவு ஞாபகசக்தி என்று நான் வியந்து, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இட்லித் தட்டில் இன்னொரு ஈடு ஊற்றினாள்.

அவர் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பைக்கில் தராசு இல்லை. செருப்பை வாசலில் ஒருமுறை கழற்றி, ஓரமாக நகர்த்தி, மறுபடி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்க தம்பி, இருங்க" என்றார் அப்பா. 'இருங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

டீபாய்மேல் இரண்டு பெட்டிகளையும் தலைக்குத் தலை வைத்தார்கள். அவர் ஒவ்வொரு கடையாக அனுப்ப, அத்தை வாங்கிக்கொண்டாள். அரிசி மண்டி, 'டிங்'. வெள்ளானூர் ஹார்டுவேர், 'டிங்'. இரும்புக் கடை, 'டிங்'. ஒரு தடவைகூடத் தவறவில்லை. கை ஆடவில்லை, நிழல் தேடவில்லை. இரண்டு பேரும் நிமிரவே இல்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு 'டிங்'குக்கும் தலையாட்டினார். ராத்திரி அவர்மேல் ஏறிய பாரம் சிறிது சிறிதாக இறங்குவது தெரிந்தது. எல்லாம் முடிந்து அத்தை மூடியைச் சாத்தியபோது அவரால் அடக்க முடியவில்லை.

"பாத்தியளா? நேத்து வர போகாதது இன்னைக்கு எப்படிப் போகுது? தகடு பூரா களிம்பு. அதத் தொடச்சேன்லா!"

"ஆமா சார்" என்றார் அவர் மரியாதையாக. "நீங்க கை வச்சீங்க, சரியா பூட்ச்சு."

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "களிம்பு இல்லப்பா" என்றேன். "இவங்களுக்குப் பிடிக்கத் தெரியல. கட்டம் வந்ததும் இவரு 'நோ'வத்தான் தொடுவாரு. தொட்டுட்டு 'போவல'ம்பாரு. நான் ஊஞ்சல்ல இருந்து பாத்தேன்."

அத்தை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "நோ அமுக்குனீங்களா? வேணும்னேயா?"

அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை என்று, "அத்தையும்தான்" என்றேன். "அந்த ஜன்னல பெருவெரலால மூடிக்கிடுவா."

இப்போது அவர் அத்தையைப் பார்த்தார். "நீங்களுமா?"

அத்தைதான் முதலில் சிரித்தாள். பெஞ்சில் சிரிப்பதுபோல் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துபோய், அத்தனை மாதமும் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக வைத்திருந்ததை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். அப்பா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். இவர்களைத் திட்டப்போகிறார், கம்பெனிச் சாமானை இப்படியா கையாள்வது என்று கேட்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அம்மா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். "மெஷின்ல ஒரு ரிப்பேரும் இல்லங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு இன்னுமா வெளங்கல?"

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வரச்சொன்னார். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது. சொன்னேன். இன்னும் வாங்கிக்கொண்டு வா என்றார்.

நான் இல்லாதபோது நடந்ததை அம்மா வெகுகாலம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னாள். அத்தை அழத் தொடங்கிவிட்டாளாம். பிறகு தராசு மாமாதான் பேசியிருக்கிறார். "சார், எனக்கு உங்கள மாரி பேச வராது. இன்னா வேணா கேளுங்க. ஊடு, அம்மா, அப்பா, சம்பளம், சாதி, கீறத கீற மாரி சொல்றேன்." அதைக் கேட்டு அப்பாவுக்கு வாயோரம் சிரிப்பு வந்துவிட்டதாம். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அத்தையிடம்தான் கேட்டாராம். "எங்கிட்ட கேட்டா மாட்டேன்னுருவேன்னு நெனச்சியாம்மா?" அப்பா எழுந்துபோய்ப் பீரோக் கண்ணாடியிலிருந்த போட்டோவை எடுத்து, கவருக்குள் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாராம். ஊரில் பதில் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கறிவேப்பிலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கூடத்தில் இலை போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தையின் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, ஆனால் சட்னி பரிமாறிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "மாமாவுக்குத் தண்ணி கொண்டா" என்றாள்.

"அங்கிள்னுதான சொன்ன?" என்றேன்.

"மாமாதான். போ."

அடுத்த சனிக்கிழமையும் பைக் ஹாரன் கேட்டது. இனி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அனுப்பலாமே, ஏன் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அத்தை ஊதாப் பையோடு கிளம்பினாள். இந்தத் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று அப்பா சொல்லவில்லை. ஆனாலும் நான் ஊஞ்சலுக்காகப் போனேன்.

பெஞ்சில் அதே கதை. பெட்டிகள் எதிரெதிரே, "போவலியே", "இன்னொரு தபா". நான் ஊஞ்சலை விட்டு இறங்கி, பக்கத்திலேயே நின்று, 'நோ'வைத் தொடாதீங்க, விரலை எடு அத்தை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு மறுபடியும் அப்படியே செய்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவங்க இன்னும் அப்படியேதான் பிடிக்காங்க. சொல்லிக்குடுத்தும் கேக்க மாட்டேங்காங்க. நீங்க வந்து சொல்லுங்க."

அப்பா பேப்பரைத் தாழ்த்தி, பூங்கா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுவார், திருப்புளியை எடுப்பார் என்று நினைத்தேன்.

"அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி பிடிச்சுட்டுப் போறாங்க. நீ இங்க உக்காரு" என்றார். ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டும் திருத்தாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.